முதல் கியர் விழாத கார்

போன வாரம் மதுரையில் வில்லாபுரம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. உள்ளே ஒரு பெண் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சிக்னல் விழுந்ததும் அந்தக் காருக்குள்ளிருந்து 'கர்ர்ர்க்' என்று ஒரு சத்தம் வந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஹாரனை அமுக்கினார்கள். நான் மட்டும் அமுக்கவில்லை. பெரிய மனது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பல் கூசும். ஹாரனைத் தேடக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

கார் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளட்சை முழுதாக மிதிக்காமல் கியரைப் போட்டால், உள்ளே சுற்றுகிற பல்லும் நிற்கிற பல்லும் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும். அந்தக் கடியின் சத்தம்தான் அது. இரும்புச் சட்டியில் அடிப்பிடித்ததைக் கரண்டியால் சுரண்டிப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டு நிம்மதியை மொத்தமாகக் குலைத்தது இந்த ஒரு சத்தம்தான்.

அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். வாரம் ஒரு நாள் பண்டல்களைக் காரின் பின்சீட்டில் கூரை முட்ட அடுக்கிக்கொண்டு திருமங்கலத்துக் கடைகளுக்குப் போவார். என்னைவிட வயதில் மூத்த கார் அது. முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் கம்பி தரையில் இருக்காது, ஸ்டியரிங்குக்கு அடியில் இடது பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். சரக்கை லாரி செட்டில் போட்டுவிட்டால் அது பாட்டுக்குத் திருமங்கலம் போய்ச் சேரும். அப்பா கேட்க மாட்டார். கடைவாசலில் கார் போய் நின்றதும் உள்ளேயிருந்து "வாங்க மொதலாளி" என்று குரல் வர வேண்டும், காப்பி வர வேண்டும். ஊரில் அவரை முதலாளி என்று கூப்பிட்டவர்கள் அந்தக் கடைக்காரர்கள் மட்டும்தான். வீட்டில் அம்மா எப்படிக் கூப்பிடுவார் என்பது இங்கே வேண்டாம்.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் காரைப் பற்றிய சண்டை மட்டும் எப்போதும் தமிழில்தான் நடக்கும். கிளட்சையும் கியரையும் திட்டுகிற அளவுக்கு எங்கள் மொழியில் வசதி போதவில்லையோ என்னவோ. அம்மா தமிழில் பேச ஆரம்பித்தாலே நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவேன்.

திருமங்கலம் போகிற நாளில்தான் கார் தன் வேலையைக் காட்டும். ஊரைத் தாண்டும்வரை ஒழுங்காகப் போகும். ரயில்வே கேட்டில் நின்று, கேட் திறந்து, எல்லா வண்டியும் கிளம்புகிற நேரம் பார்த்து முதல் கியர் விழாது. அப்பா கம்பியை இழுப்பார், கர்ர்ர்க். மறுபடி இழுப்பார், கர்ர்ர்க். பின்னால் டவுன் பஸ்காரன் ஹாரனிலேயே நம் குடும்பத்தை விசாரிப்பான். அப்பா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பார். அணைத்தால் கியர் சமத்தாக விழும். கியரில் வைத்தபடியே ஸ்டார்ட் செய்தால் கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்துக் கிளம்பும். இந்தக் குதிக்கு நடுவே இறங்கித் தள்ளவும் ஓடிவந்து ஏறவும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? ஆபீஸில் எனக்கு எந்த நாள் விடுமுறையோ அந்த நாளுக்குத் திருமங்கலத்தை மாற்றிக்கொண்டார் அப்பா.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். டீக்கடைக்காரர் கண்திருஷ்டி என்றார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். பழம் நசுங்கியது, கியர் விழவில்லை. ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டியறியாதவர், இது கார்பரேட்டர் கோளாறு என்று ஒரே போடாகப் போட்டார். அம்மா வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"சித்திரத் திருவிழாவுக்குள்ள சரியாகணும். இல்ல, வித்துத் தொலைச்சுட்டு வீட்டுல உக்காருங்க. ரோட்டுல நடுவுல நின்னு என்னைக்கு எந்தப் பஸ்ஸு இடிக்கப் போகுதோ!"

வீட்டில் உட்காருவது என்பதை அப்பா எப்படிக் கேட்டுக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. சாப்பாட்டில் பாதியில் கை கழுவிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு பாண்டியிடம் போய்விட்டார்.

பாண்டி எங்கள் மெக்கானிக். வில்லாபுரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஒர்க்‌ஷாப். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கேட்டுவிட்டு எதையாவது உறுதியாகச் சொல்வான். அவன் சந்தேகமாக ஒன்றைச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. முதல் தடவை கிளட்ச் ஆயில் என்றான், மாற்றினான். அடுத்து கியர் கம்பிக்குக் கீழே இருக்கிற புஷ் வளையம் எல்லாம் தேய்ந்துவிட்டது என்றான், மாற்றினான். அதற்கும் அடுத்து, "அண்ணே, பாக்ஸை எறக்கிப் பாத்துருவோம்ணே. இனி நீங்க எங்கிட்ட வரவே வேணாம்" என்று கியர் பாக்ஸையே இறக்கி, ஒவ்வொரு பல்லாகக் கழுவி, திரும்ப ஏற்றினான்.

எரிச்சல் என்னவென்றால், ஒர்க்‌ஷாப்பில் அந்தக் கார் ஒரு நாளும் கத்தியதில்லை. பாண்டி ஓட்டினாலும் சரி, அப்பா ஓட்டினாலும் சரி, கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து நான்கு கியரும் வரிசையாக விழும். அங்கே போகிற வழியிலும் கத்தாது, திரும்பி வருகிற வழியிலும் கத்தாது. அடுத்த வாரம் ரயில்வே கேட்டில் கர்ர்ர்க்.

"வண்டில ஒண்ணுமில்லண்ணே. ரோட்டுலதான் என்னமோ இருக்கு" என்றான் பாண்டி ஒரு நாள். அதையும் உறுதியாகத்தான் சொன்னான்.

பங்குனி பிறந்துவிட்டது. அம்மா விற்கிற பேச்சை மறுபடி தமிழில் ஆரம்பித்தார். கடைசியில் பாண்டிக்கே ரோஷம் வந்து, "நானே கூட வாரேண்ணே, என்ன ஆகுதுன்னு பாத்துருவோம்" என்று கிளம்பிவிட்டான். முன்சீட்டில் அப்பா, நடுவில் பாண்டி, ஜன்னலோரம் மடியில் ஒரு பண்டலோடு நான். உச்சி வெயில். ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் திறந்தது. கர்ர்ர்க்.

பாண்டி கியரைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தான்.

"அண்ணே, காலுக்கடில என்னண்ணே ஈரமா கெடக்கு?"

"கோணி."

"கோணி எதுக்குண்ணே?"

"தரை கொதிக்குதுல்ல? வெறுங்கால வச்சுப் பாரு தெரியும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காருக்குள் யாரும் செருப்போடு ஏறக் கூடாது. அது லட்சுமி. ஓட்டுகிற அப்பாவுக்கும் அதே சட்டம்தான். மதுரை வெயிலில், இன்ஜின் சூடும் சேர்ந்து, வெறுங்காலை அந்தத் தகரத்தில் வைத்தால் தோல் உரிந்துவிடும். ஆகவே தூரப் பயணம் என்றால் ஒரு கோணியை நாலாக மடித்துத் தண்ணீர் தெளித்துக் காலுக்கடியில் போட்டுக்கொள்வார். வாராவாரம் நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். போகப் போக அது நகர்ந்து, சுருண்டு, கிளட்ச் பெடலுக்கு அடியில் போய்த் திண்டு மாதிரி படுத்துக்கொள்ளும் என்பது, பட்டம் வாங்கிய என் மூளைக்கு ஒரு நாளும் ஏறவில்லை.

"ஒர்க்‌ஷாப்புக்கு வாரப்ப இது இல்லியேண்ணே?" பாண்டி நிமிர்ந்தான்.

"அழுக்குக் கோணியோட வண்டிய உன்கிட்ட விடுவேனா? எடுத்து வச்சுட்டு, உள்ள வெளிய தொடைச்சு, பொட்டு வச்சுல்ல கொண்டாருவேன்!"

டாக்டரிடம் போகிற பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கூட்டிப் போவார்களே, அந்தக் கதைதான். சொறி எங்கே என்று டாக்டர் தேட வேண்டியதுதான்.

பாண்டி என்னைத் தாண்டிக் கதவைத் திறந்து இறங்கி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். "எம்புட்டு வேலை! பாக்ஸை எறக்கி ஏத்துனேனே! ஒரு கோணிக்கா!" பஸ்காரன் ஹாரனை விடவே இல்லை. அப்பா நிதானமாகக் கோணியை உருவி என்னிடம் கொடுத்தார். கியரைப் போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது.

"நான்தான் மொதல்லருந்தே சொன்னேன்ல, வண்டில ஒண்ணுமில்லன்னு" என்றார்.

திருமங்கலம் வரைக்கும் ஈரக் கோணி என் மடியில் இருந்தது. பேன்ட் நனைந்து, கடைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அம்மா தீர்ப்பை வாபஸ் வாங்கினார். சூட்டுக்கு என் ஆபீஸ் காலுறைகளை அப்பா எடுத்துக்கொண்டார். கார் அதன் பிறகு நெடுநாள் பிரச்சினை இல்லாமல் ஓடியது. அந்தக் காலத்தை நினைத்தால், காலுறை போனதைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

அப்புறம் ஒரு நாள், சாலையெல்லாம் புது மாடல் கார்களாக மாறிக்கொண்டிருந்த வருடங்களில், தெருமுனையில் மறுபடியும் கர்ர்ர்க். ஓடிப் போய் முதல் வேலையாகக் கீழே குனிந்து பார்த்தேன். கோணி இல்லை. காலுறை வழுக்குகிறதோ என்று கழற்றச் சொன்னேன். வெறுங்காலிலும் கர்ர்ர்க். நான் உட்கார்ந்து போட்டேன். விழுந்தது.

"உனக்கு மட்டும் விழுது. கை பாத்துப் பழகுது" என்று கார் மேல் கோபித்துக்கொண்டார் அப்பா.

பாண்டி வந்தான். இந்த முறை ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. நேராக நடுவில் ஏறி உட்கார்ந்து, "எடுங்கண்ணே, ஒரு ரவுண்டு போவோம்" என்றான். வழி முழுக்க அவன் கண் கீழேயே இருந்தது. அவன் எதைப் பார்க்கிறான் என்று நானும் பார்த்தேன். அப்பாவின் இடது கால் கிளட்சைப் பாதிவரை மிதித்து நடுங்கியது. இடது உள்ளங்கையால் முட்டியை அமுக்கிக் காலைக் கீழே இறக்கினார். கியர் போடவும் அந்தக் கைதான் வேண்டும். கையை முட்டியிலிருந்து எடுத்துக் கம்பிக்குக் கொண்டு போவதற்குள் கால் மேலே வந்துவிட்டது. கர்ர்ர்க்.

ஒர்க்‌ஷாப் வந்ததும் பாண்டி இறங்கி பானெட்டைத் திறந்தான். உள்ளே எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். பிறகு நிமிர்ந்து, எப்போதும் போல உறுதியாகச் சொன்னான்.

"அண்ணே, இந்தவாட்டி கியர் பாக்ஸேதாண்ணே. பல்லு பூராம் தேஞ்சு போச்சு. இதுக்குப் பார்ட்ஸு இனிமே எங்கயும் கெடைக்காதுண்ணே."

பாக்ஸை இறக்கவில்லை, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் வக்கீல் மாதிரி வாதாடுகிறவர் அப்பா. "எறக்காம எப்பிடிச் சொல்ற?" என்று இப்போது கேட்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"கெடைக்காதா?"

"கெடைக்காதுண்ணே."

"அப்பச் சரிப்பா."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, சுற்றி வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டார்.

பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவர் ஒருவர் காரை வாங்கிக்கொண்டார். காரை எடுத்துக்கொண்டு போன காலையில் நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். முதல் கியர், இரண்டு, மூன்று. தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தமும் இல்லை. கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பாக்ஸு போச்சுன்னானே அந்தப் பாண்டி? நல்லாத்தானே போகுது?" என்றார்.

நான் அப்பா பக்கம் திரும்பவே பயந்தேன்.

"புது ஆளுல்ல, அதான் வண்டி பயந்துக்கிட்டுப் போகுது" என்றார் அப்பா. "ரெண்டு நாள் போகட்டும், கத்தும் பாரு."

இன்று அப்பா இல்லை. பாண்டியின் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. என் காரை நான் விடுகிற இடத்தில் தரை பளிங்கு, காப்பி இலவசம். ஒரு வயரைச் செருகினால் திரையில் வரிசையாக எல்லாம் வந்துவிடுகிறது. போன மாதம் இரண்டாவது கியர் இடிக்கிறது என்று விட்டிருந்தேன். டை கட்டிய பையன் ஒருவன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, என் மகள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான்.

"கார்ல எந்த ப்ராப்ளமும் இல்ல சார். நீங்கதான் கிளட்ச்சை ஃபுல்லா மிதிக்க மாட்டேங்குறீங்க. முட்டி வலி இருக்கா சார்?"

மகள் சட்டென்று என் காலைப் பார்த்தாள். பையன் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனாலும் அங்கே பாண்டி நின்றிருந்தால், பல்லு பூராம் தேய்ந்துவிட்டது, பார்ட்ஸ் கிடைக்காது என்று அடித்துச் சொல்லியிருப்பான். நானும் மறுபேச்சுப் பேசாமல் சரிப்பா என்று சொல்லியிருப்பேன்.