ரேடியேட்டர், புதியது, ஒன்று

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சடக்கி என்று பெயர். எக்ஸ்ரே அறையில் இருபத்தொன்பது வருடமாக, "மூச்சை இழுங்க, அப்படியே அடக்குங்க, இப்ப விடுங்க" என்று நாளுக்கு எழுபது தடவை சொல்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அது அவள் காதிலும் விழுந்திருந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அண்ணன் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஐம்பத்துநான்கு வயதுப் பாப்பா.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் அண்ணனும் தங்கையுமாகக் காலம் ஓடியது. மருந்து விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்த அண்ணன், ஓய்வு பெற்றதும் யாரையும் கேட்காமல் நாற்பத்தைந்து வருடத்துப் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். கரும்பச்சை நிறம், உருண்டை விளக்குகள். காலையில் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார்; மாலையில் வாசலில் நிற்பார். வழியெல்லாம் வண்டிப் பேச்சுதான். அவள் பாதி கேட்பாள், பாதி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவாள்.

ஒருநாள் காலை சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் மாடிப்படி ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் பேருந்தில் போய் வந்தாள். கார் கீழே உறை மூடிக் கிடந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. வித்துத் தொலை என்று சொந்தக்காரர்கள் போனில் சொன்னார்கள். பத்து மாதம் கழித்து, ஓடாத வண்டியை எடுத்துவிடச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் காரைத் திறந்து, அண்ணன் வழக்கமாகப் போகும் பட்டறையின் சீட்டைத் தேடி எடுத்து, அந்த எண்ணுக்குப் பேசினாள்.

பட்டறைக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். முதல் பில்லில் பெட்ரோல் தொட்டி, கார்புரேட்டர், பிரேக் குழாய்கள். அரை மாதச் சம்பளம் போனது. சரி, கிடந்த வண்டிதானே என்று கொடுத்தாள். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை நேரில் போனாள். அவர் பானெட்டைத் தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். இது சூடானால் அது விரியும், அது விரிந்தால் இது கசியும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எண்ணெய் வாடையும் இரும்பைத் தட்டும் சத்தமுமாக இருந்த அந்த இடத்தில் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்த வாரத்தில், ஆஸ்பத்திரி வேலை தவிர்த்து, அவளோடு யாரும் அவ்வளவு நேரம் பேசியிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும். பட்டறையில் எல்லாரும் அவரை அண்ணே என்றார்கள். அவளுக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "ஏங்க" என்று சமாளித்தாள். இரண்டாவது பில் வந்தது. மூன்றாவதில் இன்ஜினையே இறக்கி வேலை பார்த்திருந்தார்கள். சேமநல நிதியிலிருந்து கடன் எடுத்தாள். காரணம் கேட்ட கணக்குப் பிரிவுக்காரரிடம் வீட்டுப் பராமரிப்பு என்று பொய் சொன்னாள்.

நான்காவது பில் இரண்டு மாதச் சம்பளம். வீட்டுக்குக் கொண்டுபோய், விளக்கடியில் வைத்து வரி வரியாகப் படித்தாள். 'ரேடியேட்டர், புதியது, ஒன்று' என்று ஒரு வரி. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் பானெட்டைத் தூக்கச் சொன்னாள். ரேடியேட்டரின் வலது மூலையில், ஈயம் வைத்து அடைத்த கோணல் தழும்பு ஒன்று விரல் நீளத்துக்கு இருந்தது. எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடியே பிழைத்த கண்ணுக்கு அதைக் காண ஒரு நொடி போதும். அண்ணன் ஒருமுறை பானெட்டைத் தூக்கிக் காட்டிய அதே தழும்பு.

"இது பழசுங்க," என்றாள்.

அவர் குனிந்து பார்க்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தார்.

"ஆமா மேடம். புதுசு சொல்லி வெச்சேன், வரல. பில்லுல ஏறிடுச்சு. வந்ததும் மாட்டிடலாம்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

அந்த வரியை அடித்தார். அதோடு இன்னும் இரண்டு வரிகளையும் அவராகவே அடித்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி ரெண்டு மாசம் முன்னாடியே ரெடி. எடுத்துட்டுப் போங்கன்னு நானும் சொன்னேன். நீங்கதான் ஒவ்வொரு வாரமும் வந்து, வேற ஏதாவது இருக்கா, பாருங்கன்னு நின்னீங்க. இந்த வயசு வண்டில தேடினா கெடைக்காம இருக்குமா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அப்படிக் கேட்டது அவளுக்கே நன்றாக நினைவிருந்தது. ஏமாற்றியவர் சொன்னதாலேயே அது பொய்யாகிவிடவில்லை. மீதியைக் கொடுத்துவிட்டு, காரை வீட்டில் விடச் சொன்னாள். அவர் ஓட்டினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். இன்ஜின் சத்தம் மட்டும் சீராக இருந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது.

அந்த மாதமே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அவளில் பாதி வயது. முதல் தேர்வில், பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டித் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். உரிமம் வந்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் எக்ஸ்ரே அறைத் துப்புரவுக்காரம்மாவிடம் சொன்னாள். அந்தம்மா, "அப்போ இனிமே பஸ் காசு மிச்சம்," என்றாள்.

காரில்தான் வேலைக்குப் போய் வந்தாள். எட்டு மாதமாக அதில் ஒரு கோளாறும் இல்லை. எந்தப் பில்லும் வரவில்லை. சனிக்கிழமை மதியங்களில் துணி துவைத்தாள், அலமாரியைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அவளே ஓட்டி வருவதைக் கண்டு அவர் எழுந்து வந்தார். பழக்கத்தில் பானெட்டைத் திறந்தார்.

"என்ன மேடம் பிரச்சனை?"

"ஒண்ணும் இல்லைங்க. சும்மா வந்தேன்."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணெய் அளவைப் பார்த்தார், பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் இன்னொரு வண்டி உள்ளே வந்தது. "நல்லாதான் வெச்சிருக்கீங்க," என்று பானெட்டை மூடிவிட்டு அங்கே போனார். காசு எதுவும் கேட்கவில்லை.

அவள் சற்று நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துக் கவனமாகப் பின்னால் எடுத்து, சாலையில் திருப்பி, ஊரைச் சுற்றிப் போகும் வழியாக வீட்டுக்குப் போனாள்.