சிவப்பு நூலும் வெள்ளை நூலும்

1972இல் தாவூதுக்கு நாற்பத்தெட்டு வயது. மூட்டுவலிக்கான சித்த மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தருமபுரியில் நடந்த ஆராய்ச்சியில் அவர் தற்காலிக ஊழியர். வாரா வாரம் ஏரியூரில் பஸ் இறங்கி, நாலு மைல் நடந்து ஒரு கிராமத்துக்குப் போய், அங்குள்ள நோயாளிகளுக்குப் பொட்டலம் கொடுத்து, வலி எப்படி என்று கேட்டு எழுதி வருவார். நான் அதை டைப் அடிப்பேன். ஆராய்ச்சி ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கும் முழங்கால் வலிதான். ஆனால் ஒரு பொட்டலத்தைக்கூடத் தனக்கென்று எடுத்ததில்லை.

பாதிப் பேருக்குச் சிவப்பு நூல் கட்டிய பொட்டலம், பாதிப் பேருக்கு வெள்ளை நூல். ஒன்றில் மருந்து, மற்றதில் அதே நிறத்தில் வெறும் மாவு. எதில் எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆறாவது மாதம் ராமக்காள் என்ற நோயாளியின் வீட்டுக்குப் போனபோது, அவளும் பக்கத்து வீட்டுச் செல்லியும் இரண்டு நிறப் பொட்டலங்களையும் முறத்தில் பிரித்துக் கொட்டிக் கலந்துகொண்டிருந்தார்கள்.

"என்னக்கா இது?"

"உங்க மருந்துதானுங்க பாய். எது நல்லதுன்னு ஆரு கண்டா? ஒருத்திக்கு நல்லதும் ஒருத்திக்கு மட்டமும் ஆயிரக்கூடாதில்லீங்க. மொதல்லருந்தே கலந்துதான் பங்கு போடறோம். ஊரே அப்புடித்தான்."

தாவூது அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆறு மாத நடை மண்ணாய்ப் போயிற்று என்று ஆபீசுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"எழுதாதீங்க பாய், யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். வெட்கங்கெட்ட பேச்சுதான். எனக்கும் அலுத்துப் போயிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

"நாளைக்கு இதை நம்பி எவனோ திங்கணுமே தம்பி" என்று சொல்லிவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் அந்த ஊரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அவரையும் நிறுத்தினார்கள்.

இனி மருந்து வராது என்று சொல்ல அவரே கைக்காசு போட்டு அங்கே போனார். போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ராமக்காள் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள்.

"மூணு பங்குதானுங்க போட்டோம். ஒண்ணு உங்களுக்கு. நீங்களும் நொண்டிக்கிட்டேதானுங்களே வர்றீங்க? மொத்தமாக் குடுக்கலாம்னு சேத்து வச்சோம்."

அதை வாங்கிக்கொண்டு அழுதுவிட்டதாக அவரே சொன்னார்.

ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தேன். அதே நொண்டல்.

"சாப்பிடறீங்களா பாய்? வலி எப்படி இருக்கு?"

"தினம் சாப்பிடறேன் தம்பி. நீ ஒருத்தன்தான் கேக்கற" என்றார்.