லண்டன் பீலியும் சுன்னாகத்து மழையும்

போன செவ்வாய் மத்தியானம் சுன்னாகத்தில் மழை கொட்டியது. அரை மணித்தியாலம்கூட இல்லை. அதற்குள் என் தங்கை வீட்டின் புதுப் பின்னறையில் தண்ணீர்!

கூரை ஒழுகவில்லை. பழைய வீட்டுக் கூரையும் புது அறையின் கூரையும் சந்திக்கும் இடத்தில், மழைத்தண்ணீரை வடியவிடும் ஒரு பீலி ஓடுகிறது. அது நிரம்பினால் நேரே அறைக்குள்தான்.

அறைக்குள் என்ன இருந்தது? விதை வெங்காயம். மார்கழியில் நடுவதற்காகப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தோட்டத்தை நம்பித்தான் அவள் குடும்பம். அத்தனை பிடியும் தெப்பமாய் நனைந்துபோயின.

பீலியைத் தெரிவு செய்தவர் லண்டனில் இருக்கும் எங்கள் அண்ணன். காசு அனுப்பிப் புது அறையைக் கட்டித் தந்தவரும் அவர்தான். கட்டும்போதே போனில் என்னிடம் சொல்லிவிட்டார்:

"இஞ்சை வருசம் முழுக்க மழை. எங்கடை வீட்டிலை நாலு இஞ்ச் அகலப் பீலிதான். உங்கை மிஞ்சினால் மூண்டு மாசம். பிறகென்னடா?"

அதை நான் சொன்னதும் மேசன் தலையில் கைவைத்தார். "சேர், அங்கை நாள் முழுக்கத் தூறும். இஞ்சை அரை மணித்தியாலத்திலை கொட்டித் துலைக்கும். அந்த அரை மணித்தியாலத்தைப் பாத்துத்தான் பீலி வைக்கோணும். எட்டு இஞ்ச் போடுவம்."

"சின்னண்ணை, மேசன் சொல்லுறதையே போடுவம். விதை தூக்கிற அறையெல்லே" என்றாள் தங்கை.

வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊருக்கே புத்தி சொல்கிற நான்... "அண்ணை சொன்னதைப் போடுங்கோ" என்றேன். லண்டனிலிருந்து வந்த சொல் பிழைக்குமா? அதைவிட, அவர் முகம் கோணக்கூடாது என்ற பயம். வெட்கம்கெட்ட பயம்.

எங்கள் வீடுகளில் எத்தனை காரியம் இப்படி நடக்கிறது! நனைகிறவர் ஒருவர் – பீலியின் அளவைச் சொல்கிறவர் இன்னொருவர். நடுவில் தலையாட்ட என்னைப்போல் ஓர் ஆள்.

மூன்றே நாளில் அறையெங்கும் அழுகல் மணம். நேற்று அண்ணன் வீடியோ கோலில் வந்தார்.

"நல்ல மழையாம்... பீலி எப்பிடி இருக்கு?"

அழுகிய பிடிகளைப் பனையோலைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு தங்கை பக்கத்திலேயே நின்றாள். என் வாயைத்தான் பார்த்தாள்.

"நல்ல வடிவா இருக்கு அண்ணை" என்றேன்.

அவள் கடகத்தைத் தூக்கிக்கொண்டு குப்பைக் கிடங்குப் பக்கம் போய்விட்டாள்.

நல்ல தம்பியாக இருந்துவிட்டேன். அவளுக்கும் நான் அண்ணன்தானே?