நான் பிரித்து வாசித்த ஜெபத்துண்டு

இதை எழுத உட்கார்ந்து மூன்று தரம் எழும்பிவிட்டேன். சாட்சி சொல்வது எனக்குப் புதிதல்ல. பதினைந்து வருஷமாக எங்கள் சபையில் மைக்கைப் பிடித்தால் கீழே வைக்காதவள் நான். ஆனால் இதுவரை சொன்ன சாட்சிகளில் எல்லாம் நான் நல்லவளாக வந்தேன். இதில் அப்படி வரமாட்டேன். பொறுமையோடு கேளுங்கள்.

போன வருஷம் ஓகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை மணி இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கொட்டாஞ்சேனை மெர்சி. எங்கள் சபைச் சகோதரி, தையல் வேலை செய்கிறவள். என் பிளவுஸ் எல்லாம் அவள் தைத்ததுதான். கணவர் கட்டாரில். ஒரே மகள் ஷெரின், இருபத்தொரு வயது, வெள்ளவத்தையில் விமான டிக்கெட் போடும் ஒரு அலுவலகத்தில் வேலை.

"அக்கா, பிள்ளை பஸ்ஸுக்குள்ள விழுந்திட்டாள். வலிப்பு நிக்குதில்ல அக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டினம். நீங்க வந்து கை வச்சு ஜெபிச்சாச் சரி. கெதியா வாங்கோ."

துருவலை அப்படியே போட்டுவிட்டு எழும்பினேன். மெர்சிக்குத் தெரியாத, டொக்டர்களுக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அது என்னவென்று சொல்ல ஐந்து கிழமை பின்னுக்குப் போக வேண்டும்.

எங்கள் சபையில் ஒரு ஜெபப்பெட்டி இருக்கிறது. பலகைப் பெட்டி, சின்னப் பூட்டு. தேவையை ஒரு துண்டில் எழுதி, பெயர் போடாமல், நாலாக மடித்து உள்ளே போடுவார்கள். யாரும் அதைப் பிரிப்பதில்லை. புதன்கிழமை உபவாச ஜெபத்தில் பெட்டியின் மேல் கை வைத்து ஜெபிப்போம். பிறகு பாஸ்டர் அந்தத் துண்டுகளைப் பின் பல்கனியில் ஒரு தகரத்துக்குள் போட்டு எரித்துவிடுவார். மனிதர் வாசிக்கத் தேவையில்லை, ஆண்டவர் வாசிப்பார் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. பெட்டிப் பூட்டைத் திறக்கும் திறப்பு என்னிடம் இருந்தது. என்னை நம்பித் தந்தது.

எனக்கு அந்நியபாஷை உண்டு, ஆவியில் நிறைந்து யாருக்கும் விளங்காத மொழியில் ஜெபிக்கும் வரம். மறைந்ததை ஆண்டவர் காட்டும் வெளிப்பாடும் உண்டு என்று சபையார் நம்பினார்கள். ஆரம்பத்தில் அது உண்மையாகவே இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போன வருஷம் சில மாதங்களாக ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வத்தளையிலிருந்து ஒரு இளம் சகோதரி வந்து சேர்ந்தாள். அவள் சொல்லும் வார்த்தைகள் ஒவ்வொன்றும் ஆட்களைத் தொட்டன. ஆராதனை முடிந்ததும் என்னிடம் நின்ற வரிசை அவளிடம் போய் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. ஜெபத்திலும் போட்டியா என்று கேட்பீர்கள். இருக்கிறது, வெட்கமில்லாமல் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் கூட்டப் போன இடத்தில் பெட்டியைத் திறந்தேன். இன்னும் நன்றாக ஜெபிக்கத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மூன்றாவது துண்டைக் கண்டதும் தெரிந்துவிட்டது. மெர்சி பிளவுஸ் அளவு எழுதும் தாள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "அப்பா, என் மகளுக்கு வலிப்பு. ஆறு வருஷமாகக் குளிசை மருந்து. வெளியில் தெரிந்தால் கலியாணம் நடக்காது. நீர் ஒருவர் அறிந்தால் போதும்."

மடித்துத் திரும்ப வைத்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. பாட்டு நடக்கும்போது நேராக ஷெரினிடம் போய்த் தலையில் கை வைத்தேன். "விழுகிற மகளே, இனி நீ விழமாட்டாய். ஆறு வருஷக் கட்டு இன்றைக்கு அறுந்தது" என்று சத்தமிட்டேன். மெர்சி கதறி அழுதாள். மண்டபம் முழுதும் அல்லேலூயா. ஒரு தாய் கடவுளிடம் மட்டும் சொன்ன இரகசியத்தை நூறு பேருக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வத்தளைச் சகோதரி வந்து என் கையைப் பிடித்து, "உங்கட வரம் பெரிசு அக்கா" என்றாள். அன்றிரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். இப்போது யோசித்தால் அந்த நித்திரைதான் எனக்கு மிகப் பெரிய பயம்.

பத்து நாள் கழித்து ஷெரின் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள்.

"ஆன்ட்டி, அண்டைக்கே குளிசைய விட்டிட்டன். அம்மாக்குச் சொல்லேல்ல. அம்மா தாறத வாயில வச்சிட்டுப் போய்த் துப்பிடுவன். எங்கட வருத்தம் ஒருத்தருக்கும் தெரியாதுதானே, ஆன்ட்டிக்கு ஆண்டவர்தானே சொல்லியிருக்கிறார். அப்ப இது உண்மை. மூண்டு மாசம் போகட்டும், சபையில சாட்சி சொல்லுவன்."

வேண்டாம் மகள், குளிசையைப் போடு என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டி, திறப்பு, துண்டு எல்லாம் வெளியில் வரும். "ஆமென் மகள்" என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலி வீதி வாகன நெரிசலில் ஓட்டோவுக்குள் இருந்து அந்நியபாஷையில் ஜெபித்துக்கொண்டே போனேன். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் கை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? அந்த "ஆமென் மகள்" மெசேஜைத் தேடி எடுத்து அழிக்கப் பார்த்தது. காலம் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும் அழியும் என்று காட்டியது. ஷெரினின் போனில் அது இருக்கும். அந்தப் போன் இப்போது யார் கையில் இருக்கிறது? மெர்சி பார்த்துவிட்டாளா? நாக்கு ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்க, பிள்ளை பிழைக்க வேண்டும் என்று என் மனம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வார்ட் வாசலில் மெர்சி நின்றாள். மெஷினிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. இளம் டொக்டர் ஒருவர் வெளியே வந்து சிங்களத்தில் கேட்டார்: மருந்து ஒழுங்காக எடுத்தாளா, இடையில் விட்டாளா? மெர்சி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தன் கையாலேயே இரண்டு நேரமும் கொடுத்ததாகவும் ஒரு நேரம்கூடத் தவறவில்லை என்றும் சொன்னாள். மருந்து எடுத்தும் இவ்வளவு கடுமையாக வந்திருந்தால் மூளையில் புதிதாக ஏதோ இருக்க வேண்டும், கிருமியா வேறு ஏதாவதா என்று தேட வேண்டும், இன்னும் வலிப்பு அடங்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் வாசலில் நின்ற நேர்ஸோடு கதைக்கத் திரும்பினார்.

மெர்சி என் கையைப் பிடித்தாள். "அக்கா, பாஷையில ஜெபியுங்கோ. ஆண்டவர் உங்களுக்குச் சொல்லுவார்."

பாஷை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைக் கண்டு நான் பயந்தேன். அன்பைப் பற்றி வேதத்தில் இருக்கும் அதிகாரத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்துப் பரிசு கொடுத்தவள் நான். அன்பில்லாவிட்டால் எந்த வரமும் வெறும் ஓசை என்று விளக்கமும் சொன்னவள். அந்த ஓசை இப்போது என் வாய்க்குள் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி, என் சொந்தத் தமிழில் மனதுக்குள் கேட்டேன்:

"ஆண்டவரே, எனக்கு இந்தப் பிள்ளையில அன்பில்ல. இருந்திருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். ஒரு சொட்டு அன்பு தாரும். என்ர பேர் போனாலும் போகட்டும்."

பயம் போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கூடியது. ஆனால் அதுவரை எனக்காகப் பயந்தவள், அந்தக் கணத்தில் ஷெரினுக்காகப் பயந்தேன். அந்தக் கதவுக்கு அப்பால் அவள் கிடக்கிறாள், நேரம் போகிறது என்று நெஞ்சு பதறியது. அதுதான் எனக்குக் கிடைத்த பதில். நான் ஓடிப்போய் டொக்டரின் கையைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: பிள்ளை ஐந்து கிழமையாக மருந்து எடுக்கவில்லை, தாய்க்குத் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என்னால்தான் விட்டாள் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். ஏசவில்லை. எந்தக் குளிசை என்று மட்டும் மெர்சியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

மெர்சிக்கும் சிங்களம் விளங்கும்.

"நீங்க என்னக்கா சொல்லுறீங்க?"

துண்டை வாசித்ததைச் சொன்னேன். மெசேஜைச் சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் கத்தவில்லை.

"நான் அத ஆண்டவருக்கெல்லோ எழுதினனான்" என்றாள்.

பிறகு போய் ஒரு கதிரையில் தனியாக இருந்துகொண்டாள். எனக்குப் பக்கத்தில் போகத் துணிவில்லை. இரண்டு கதிரை தள்ளி நான் இருந்தேன். இரண்டு பேரும் அழுதோம், ஆனால் ஒன்றாக அழவில்லை.

பின்னேரம் இரண்டு மணிக்கு வலிப்பு அடங்கியது. அடுத்த நாள் காலை ஷெரின் கண் விழித்தாள். முதலில் கேட்டது, "அம்மா, வேலைக்கு லேட்டா?" என்றுதானாம். நேர்ஸ் வந்து சொன்னபோது நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் போட்ட கண்ணியிலிருந்து அவர் அந்தப் பிள்ளையைத் தூக்கி எடுத்தார்.

அந்த ஞாயிறு அதே மைக்கில் எல்லாவற்றையும் சொல்லித் திறப்பைப் பாஸ்டரிடம் கொடுத்தேன். இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா, கர்த்தருடைய நாமம் கெட்டுப்போகாதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். வத்தளைச் சகோதரி மட்டும் வந்து என்னோடு நின்று அழுதாள். அவளுக்குள் வரத்தோடு அன்பும் இருந்தது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வரங்களை நான் குறை சொல்லவில்லை. கொடுத்தவர் ஆண்டவர். அன்பில்லாமல் அவற்றைக் கையில் எடுத்தது நான்.

மெர்சி ஏழு மாதம் என்னோடு கதைக்கவில்லை. நான் ஷெரினிடம் கேட்டு ஒரு காரியம் தொடங்கினேன். காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் போன் எடுத்து, "குளிசை போட்டாச்சா மகள்?" என்று கேட்பேன். சரி என்று சொன்னவள்தான், ஆனால் கோபம் ஆறாமல் முதல் மாதம் லைனை வெட்டிவிடுவாள். பிறகு "போட்டாச்சு" என்று ஒரு சொல். பிறகொரு நாள், "ஆன்ட்டி, இண்டைக்கு ரெண்டு நிமிஷம் லேட்" என்றாள். நான் போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். இன்றைக்கும் அவள் எடுக்கச் சற்றுத் தாமதித்தால் பயந்து திரும்பத் திரும்ப அடிப்பேன். அந்தப் பயத்தை எடுத்துவிடும்படி நான் ஜெபிப்பதில்லை.

போன மாதம் ஆராதனை முடிந்ததும் மெர்சி என்னிடம் வந்தாள். நாலாக மடித்த ஒரு துண்டை நீட்டினாள். பிளவுஸ் அளவு எழுதும் அதே தாள். வாங்கிக்கொண்டு நின்றேன். பிரிக்கக் கை வரவில்லை.

"பிரியுங்கோ அக்கா. இது உங்களுக்கு எழுதினது."

பிரித்தேன். "காலை ஏழு – ஒன்று. இரவு ஏழு – ஒன்றரை. சாப்பாட்டுக்குப் பிறகு. மன்னாரில் மரணவீடு, நான் போக வேணும். மூன்று நாளும் பிள்ளையோடு நில்லுங்கோ."

நின்றேன். கொட்டாஞ்சேனையில் அந்த இரண்டு அறை வீட்டில் மூன்று நாளும் ஷெரினின் பின்னாலேயே திரிந்தேன். அவள் குளிக்கப் போனாலும் கதவடியில் போய் நிற்பேன். "ஆன்ட்டி, நான் பாட்டுப் படிச்சுக்கொண்டே குளிக்கிறன், சத்தம் நிண்டா மட்டும் தட்டுங்கோ" என்று சிரித்தாள். அவள் பாட்டு முடியும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் சொல்ல முடியாத பயம் ஒன்று இருக்கலாம். பெரிய வரம் கேட்டுக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஒரு ஆளுக்காக ஒரு சொட்டு அன்பு கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார். குளிசை எடுக்கிறவர்கள் குளிசையை எடுத்துக்கொண்டே ஜெபியுங்கள்.

எங்கள் சபையில் அந்த ஜெபப்பெட்டி இன்னும் இருக்கிறது. பயப்படாமல் எழுதிப் போடுங்கள், யாரும் பிரிக்கமாட்டார்கள். திறப்பு இப்போது மெர்சியிடம் இருக்கிறது.