குழலை மாற்றுவதா, துவக்கை மாற்றுவதா

அந்தக் கோடை முழுவதும் பிலேந்திரனுக்கு ஒரே கதைதான். தன் வேட்டைத் துவக்கின் குழலை மட்டும் மாற்றுவதா, பழையதைக் கைவிட்டுப் புதுத் துவக்கே வாங்குவதா? ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கோப்பி குடிக்கும்போதும் அதே கதை. வாழ்நாளில் துவக்கைத் தொட்டும் பாராத கூட்டாளி றொனால்ட் புதிது வாங்கச் சொன்னார். ஒஸ்லோ நகரின் எங்கள் புருசெத் பகுதியில் ஆலோசனைக்கு ஒருநாளும் பஞ்சமில்லை.

பிலேந்திரன் நெடுந்தீவுக்காரர். ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. கூட வேலை செய்த தூரே என்ற நோர்வேக்காரன் அவரை எல்க் மான் வேட்டைக் குழுவில் சேர்த்துவிட்டான். இறந்துபோன தன் தகப்பனின் துவக்கையும் முறைப்படி அவர் பேருக்கு மாற்றிக் கொடுத்தான். தொலைநோக்கி எதுவும் இல்லாத, வெறுங்கண்ணால் குறிபார்க்கும் பழைய துவக்கு. முதல் வருடம் மரங்களுக்கு நடுவே நின்ற மானை நாய்க்கும் முன்னே கண்டவர் பிலேந்திரன். குழு அவருக்குக் கழுகுக்கண் என்று பட்டம் வைத்தது. பட்டம் தலைக்கு ஏறியது, பிறகு இறங்கவேயில்லை.

போன இலையுதிர்காலத்தில் அவர் சுட்ட வெடி ஒரு மானின் பின்னங்காலில் பட்டது. மான் விழவில்லை. நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போய்விட்டது. வேட்டைக்காரனுக்கு அதைவிட வெட்கக்கேடு இல்லை. குழு முழுவதும் வேட்டையை நிறுத்திவிட்டு நாயோடு மழையில் தேடியது. மறுநாள் காலை தூரேதான் அதைக் கண்டு சுட்டு முடித்தான். இரவெல்லாம் அந்த உயிர் வலியோடு கிடந்திருக்கிறது. எல்லோரும் பிலேந்திரனைப் பார்த்தார்கள்.

“குழல் தேய்ந்துபோய்விட்டது” என்றார் அவர். வாயில் வந்தது அதுதான்.

மனைவி அனஸ்ரேசியாவுக்கு உண்மை தெரியும். ரயிலின் நெற்றியில் எழுதியிருந்ததை வாசிக்க முடியாமல் பிழையான ரயிலில் ஏறி, நகரின் மறுகோடியில் மோர்டென்ஸ்ருட்டில் போய் இறங்கி, கூட்டாளியைப் பார்க்கப் போனதாகக் கதைவிட்ட மனுசன் அல்லவா?

“இஞ்சருங்கோ, குழலை மாத்த முதல் கண்ணைக் காட்டுங்கோ.”

“என்ரை கண்ணுக்கு என்ன? நீர் சும்மா இரும்.”

கண்ணாடி போட்ட கழுகை யார் மதிப்பார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலைக்காக ஒரு மான் நொண்டியது என்பதை நினைக்காமல் இருக்கத்தான் ஊரெல்லாம் குழல் கதை கதைத்துத் திரிந்தார்.

கடைசியில் துவக்கைத் திராமன் நகரில் ஒரு துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோனார். தகப்பனின் குழலைக் கழற்றுவதில் தூரேக்கு மனமில்லை, ஆனாலும் கூடவே வந்தான். திருத்துபவர் சின்னக் கமராவைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு துவக்கை இறுக்கிப் பூட்டி வைத்துக் குறிப்பலகையில் சுட்டார். துளைகள் எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டபடி விழுந்தன.

“புதுக் குழலும் வேண்டாம், புதுத் துவக்கும் வேண்டாம். இதில் ஒரு பிழையும் இல்லை” என்றார்.

வெளியே, காருக்குப் பக்கத்தில், தூரே அவர் தோளில் கையை வைத்தான்.

“நான்தான் யோசிக்காமல் விட்டேன். நீ யுத்தத்தைக் கண்டவன். வெடிச்சத்தம் கேட்டால் உன் கை நடுங்கத்தானே செய்யும்?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. பிலேந்திரன் தலையை ஆட்டினார். கண்ணில் நீரும் வந்தது, அதுதான் கொடுமை. யுத்தம் தீவை எட்டும் முன்பே படிக்கவென்று நோர்வேக்கு வந்தவர் அவர். ஊரில் அவர் காதால் கேட்ட பெரிய வெடி கோயில் திருநாள் வாணம். மிச்சமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தது.

அடுத்த ஞாயிறு தூரே கேக்கோடு வீட்டுக்கே வந்துவிட்டான். குழுவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். மான் விசயத்தில் ஒருவருக்கும் கோபமில்லையாம், சிலர் அழுதேவிட்டார்களாம். யுத்தத்தில் அவ்வளவு பட்டவனை இனிச் சுடச்சொல்லி வற்புறுத்தமாட்டார்களாம். கேக் வெட்டிக்கொண்டிருந்த அனஸ்ரேசியாவின் கை நின்றது. பிலேந்திரன் நிலத்தைப் பார்த்தார்.

தூரே சுவரில் இருந்த படத்தைக் கண்டான். “இது யார்?”

“என் தம்பி மார்க்கஸ். மன்னாரில் ஷெல் விழுந்து செத்தவன்” என்றாள் அனஸ்ரேசியா, நோர்வே மொழியில்.

“நீயும் அப்போது பக்கத்தில் இருந்தாயா?” என்று தூரே பிலேந்திரனிடம் மெல்லக் கேட்டான்.

அவள் நினைத்திருந்தால் எதையாவது சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அவள் கேக் துண்டுகளைத் தட்டில் எடுத்துவைத்தாள்.

“இல்லை” என்றார் பிலேந்திரன். “நான் இங்கே ஒஸ்லோவில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யுத்தத்தைக் கண்டவள் இவள்தான். என் கை நடுங்கவில்லை, தூரே. எனக்குக் கண் தெரியவில்லை. அவ்வளவுதான்.”

தூரேயின் முகம் சிவந்தது. கேக்கைத் தொடாமலே எழுந்து சப்பாத்தை மாட்டினான்.

“அப்பாவின் குழல் அப்படியே இருக்கட்டும். குழுவுக்கு இதை நீயே சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்திய பிறகு பிலேந்திரன் நின்ற இடத்திலேயே நின்றார். “நாளைக்கே கண்ணைக் காட்டுறன், அனஸ்ரேசியா” என்றார்.

“கண்ணை எப்பவும் காட்டலாம். மார்க்கஸ் எப்பிடிச் செத்தவன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

ஷெல் விழுந்தது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் கேட்டதில்லை. அவளாகத் தொடங்கினாலும் வேறு கதைக்கு மாறிவிடுவார்.

“தெரியாது” என்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் ஒரு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டாள்.

“அப்ப இருங்கோ. இண்டைக்குக் கேளுங்கோ.”