டிரங்க் காலில் வந்த சென்டர் ஃபார்வர்டு

எங்கள் மலைக்குப் பெங்களூரிலிருந்து ஒரு சென்டர் ஃபார்வர்டு வந்து ஆடியது எழுபதுகளின் கடைசியில். அவரைக் கொண்டுவந்தவர் மளிகைக் கடை பாய் என்றுதான் ஏற்காடு பஜார் முழுக்கப் பேச்சு. அதில் ஒரு பங்கு என்னுடையது. அதை நான் நான்கு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்போன், எதிரே போர்டு. எந்த நம்பருக்கு மேல் மூடி விழுகிறதோ அந்த ஓட்டையில் ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருப்பார்கள், கிடைத்தால் ஒரு கட்டணத்துக்கு மூன்று நிமிஷம் பேசலாம். மலையில் போன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னதில்லை.

நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தால் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே மிஷன் பள்ளிக்கூடத்து மைதானம். சாயங்காலம் நாலரைக்கு மேல் லைனில் கூட்டம் குறையும். சரியாக அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பதினைந்து பதினாறு பையன்களோடு மைதானத்தில் இறங்குவார். பாதிப் பேர் தலைச்சோலை, மஞ்சக்குட்டை பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். ஃபுட்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷம் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மாஸ்டர்தான் ஊர் கிளப்புக்கும் பயிற்சி கொடுப்பவர். கிளப்பின் செக்ரட்டரி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாய். இரண்டு பேருக்கும் சிநேகிதம் உண்டு, ஒரு விஷயம் தவிர. வருஷா வருஷம் மே மாதம் நடக்கும் கோப்பைப் போட்டியில் எங்கள் கிளப் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிடும். ஆடுகிறவர்கள் எல்லாம் முப்பது தாண்டிய எஸ்டேட் கிளார்க்குகள், ஜீப் டிரைவர்கள். பையன்களைப் போடலாம் என்பார் மாஸ்டர். வெளியூரிலிருந்து பேர்போன ஆள் ஒருத்தரைக் கொண்டுவரலாம் என்பார் பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து கடையில் சீரகம் வாங்க நின்றிருந்தேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை.

"இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க பாய். பசங்க தேறி வந்துருவாங்க."

"ஏனுங்க மாஸ்டர், மொளகுக் கொடி வெச்சாக்கூட மூணு வருஷத்துல காய்க்குது. உங்க பசங்க நாலு வருஷமா ஓடிக்கிட்டேதான் இருக்கானுங்க. எனக்கு கோல் போடற ஆளு வேணும். இந்த மே மாசமே வேணும்."

"நீங்க ஒரு நாளாச்சும் வந்து அவங்க ஆடறதைப் பாத்தீங்களா?"

"சாயங்காலம் கடையை யாரு பாக்கறது?" என்றார் பாய். என் சீரகத்தை மறந்தே போனார்.

அடுத்த வாரம் பாய் பெங்களூருக்கு ஒரு டிரங்க் கால் பதிவு செய்தார். அங்கே ஒரு பெரிய தொழிற்சாலை டீமில் ஆடிக்கொண்டிருந்த சென்டர் ஃபார்வர்டுக்கு. பேப்பரில் போட்டோ வந்தவர், தமிழ்க்காரர். பாயின் மைத்துனருக்குத் தெரிந்தவராம்.

மத்தியானம் லைன் கிடைத்தது. லைனில் மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். பாய் கத்தினார். போன் இல்லாமலே பஜாரிலிருந்து அவர் குரல் என் ஜன்னலுக்குக் கேட்டது, பெங்களூருக்குத்தான் கேட்கவில்லை. லைன் மோசமாக இருந்தால் நடுவில் ஆபரேட்டர் வாங்கிச் சொல்வது வழக்கம். இரண்டு பக்கமும் என் குரல் மட்டும் ஓரளவு தெளிவாகப் போகும். போர்டில் ஒரு சாவியைத் தள்ளினால், ஒரு பக்கம் பேசுவது மறு பக்கத்துக்குக் கேட்காது.

"பாய், நீங்க எங்கிட்ட சொல்லுங்க. நான் அவருக்குச் சொல்றேன்."

"அப்படியா? நீ நல்லா இருப்பே கண்ணு. அவரு மே மாசம் பத்து நாள் வந்து எங்களுக்கு ஆடணும்னு கேளு."

கேட்டேன். பெங்களூர்க்காரர் சிரித்தார். "அங்க நொம்ப குளிருமா மேடம்?"

"குளிருமான்னு கேக்கறாரு பாய்."

"குளிரெல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொல்லு. எங்க ஊட்டுலயே தங்கிக்கலாம். குளிக்கறதுக்கு வெந்நீரு, கம்பளி மூணு, பிரியாணி எத்தனை வேளை வேணுமோ அத்தனை வேளை."

இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். வருகிறேன் என்பது போலத்தான் அவர் குரல் இருந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி மேடம். எனக்குப் பந்து யார் குடுப்பாங்க? பந்து வந்தாத்தானே நான் கோல் அடிக்க முடியும்? அங்க ஆள் இருக்கா?"

நான் பாயிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பாய் என்ன சொல்வார்? கிளார்க்குகளில் யாராவது ஒருவர் பேரைச் சொல்வார். எனக்கோ தினமும் ஜன்னலில் பார்க்கிற ஒரு பையன் கண்முன் வந்து நின்றான். தலைச்சோலைக்காரன், பதினேழு வயது, இடது ஓரத்தில் ஆடுகிற லெஃப்ட் அவுட், இடது கால் ஆட்டம். மற்றப் பையன்கள் பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். அவன் மட்டும் ஓடும்போதே தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பான். அப்புறம் பந்து அவர்கள் காலுக்கே போய்ச் சேரும்.

"இருக்கான்," என்றேன். "லெஃப்ட் அவுட்ல ஒரு பையன். தலையைத் தூக்கிப் பாத்துக்கிட்டே ஓடுவான். நீங்க எங்க நின்னாலும் பந்து வரும்."

"அப்படின்னா அவனைப் போடச் சொல்லுங்க. நான் வர்றேன்."

"என்ன கண்ணு, என்ன சொல்றாரு?" பாய் அந்தப் பக்கம் தவித்துக்கொண்டிருந்தார்.

"வர்றாராம் பாய். ஆனா லெஃப்ட் அவுட்ல அந்தத் தலைச்சோலைப் பையனைப் போடணுமாம்."

"அட! பெங்களூர் வரைக்கும் தெரிஞ்சிருக்கா அவனை?"

"மூணு நிமிஷம் ஆச்சுங்க," என்று சொல்லி ஒயரைப் பிடுங்கினேன். ஆபரேட்டர் சொந்தமாகப் பேசினது தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மே மாதம் அவர் வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த பஸ்ஸிலிருந்து, முகமெல்லாம் வெளுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கினார். மாலையோடு நின்றிருந்த பாய்க்கு மாலையைப் போடுவதா தாங்கிப் பிடிப்பதா என்று தெரியவில்லை. குட்டையான மனுஷர், லேசாகத் தொப்பை. "இவரா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே மாலையை வாங்கிப் பக்கத்தில் நின்ற குழந்தை கழுத்தில் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஜன்னலில் பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஓடினார், இடுப்பில் கை வைத்து நின்றார். மலைக் காற்று அவருக்குப் போதவில்லை. அப்போது இடப்பக்கம் அந்தப் பையன் பந்தோடு போனான், தலையைத் தூக்கினான், அடித்தான். அவர் நின்ற இடத்திலிருந்து இரண்டே எட்டு. தலையால் ஒரு தட்டு. பந்து வலைக்குள். பெங்களூர்க்காரர் திரும்பி அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவனிடம் நடந்துபோய்க் கையைக் குலுக்கினார். பையன் கூச்சத்தில் காலால் மண்ணைக் கிளறினான்.

முதல் ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். மூன்றும் அவருடையது, மூன்றுக்கும் பந்து கொடுத்தது பையன். அடுத்த ஆட்டத்தில் எதிரணியில் மூன்று பேர் பெங்களூர்க்காரரை விட்டு நகரவே இல்லை. பையனை யாரும் சீந்தவில்லை. அவனே இரண்டு போட்டான். அன்றைக்குத்தான் பாய் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். இரண்டாவது கோல் விழுந்ததும் பக்கத்தில் நின்ற மாஸ்டரைத் தூக்கிவிட்டார். மாஸ்டர் நல்ல கனம்.

இறுதி ஆட்டம் சேலத்து மில் டீமோடு. இரண்டுக்கு இரண்டு என்று இருக்கும்போது மூடுபனி இறங்கியது. முதலில் அந்தப் பக்கத்து கோல் மறைந்தது, அப்புறம் இந்தப் பக்கத்து கோல், அப்புறம் ஆட்டக்காரர்கள். உதைக்கிற சத்தமும் கத்துகிற சத்தமும் மட்டும் கேட்டன. நாங்கள் சத்தத்துக்குக் கை தட்டினோம். திடீரென்று விசில். ரெஃப்ரிக்குப் பந்து எங்கே என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தால், கார்னர் பக்கம் ஒரு குழந்தை அதன் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு டீமும் ஜெயித்ததாக அறிவித்தார்கள். கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். பூவா தலையா போட்டதில் முதல் ஆறு மாதம் எங்களுக்கு. பாய் அதைச் சோப்புப் பெட்டிகளுக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில் வைத்து, வருகிறவர்களை எல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பெங்களூர்க்காரர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். வாசலில் நின்று, "அன்னிக்கு லைன்ல பேசினது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க."

"பையனைப் பத்திச் சொன்னது பாய் இல்லை. நீங்க."

அவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார், கீழே மைதானம் தெரிந்தது. "நல்ல இடத்துலதான் உக்காந்திருக்கீங்க," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பாயிடம் அவர் சொல்லவே இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து பாய்க்கு டிரங்க் கால் வந்தது. இந்த முறை லைன் கண்ணாடி மாதிரி. தங்கள் டீமின் இளைஞர் பிரிவுக்கு அந்தப் பையனை அனுப்ப முடியுமா, தொழிற்சாலையிலேயே வேலை கற்றுக்கொடுப்போம் என்று கேட்டார் பெங்களூர்க்காரர்.

"அனுப்ப மாட்டோம்!" பாய் போட்ட சத்தத்தில் ஹெட்போனைக் கழற்றினேன். "எங்க பையன்ங்க அவன்! இப்பத்தான் ஆட ஆரம்பிச்சிருக்கான். அதுக்குள்ள வந்து தூக்கிட்டுப் போறேங்கறீங்களே!"

"மூணு நிமிஷம் ஆச்சுங்க. நீட்டிக்கலாமா?"

"நீட்டு கண்ணு, நீட்டு! இன்னிக்கு இவரை விடறதில்லை!"

மாஸ்டர் கடையில் பக்கத்திலேயே நின்றிருந்தார் போல. அவர் குரலும் கேட்டது. "போகட்டும் பாய். அங்க போனா பெரிய ஆளா வருவான்."

"நீங்க பேசாதீங்க மாஸ்டர்! ரெண்டு வருஷம் பொறு பொறுன்னு சொன்னவரு, இப்ப ரெண்டு மாசம் பொறுக்க மாட்டேங்கறீங்க!"

கடைசியில் பையனின் அம்மாவைத்தான் கேட்டார்கள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். "அவன் ஊட்டுச் சுவத்தையே ஒதைச்சு ஒதைச்சுப் பேத்துட்டானுங்க. எங்கயாச்சும் போயி மைதானத்துலயே ஒதைக்கட்டும்," என்றார். முடிந்தது விஷயம். பஸ் ஏற்றிவிடும்போது பாய் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார். அது முழங்கால் வரைக்கும் தொங்கியது. பாய்தான் அழுதார். பையன் சிரித்துக்கொண்டே கை காட்டினான்.

அதற்கப்புறம் பாயைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிறு தோறும் மாஸ்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குட்டை, மாரமங்கலம் என்று பையன்கள் ஆடுகிற இடமெல்லாம் போவார். அதற்காக வெளியூர் ஆட்களை விட்டுவிடவும் இல்லை. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் யாராவது ஒருவரைக் கொண்டுவருவார். "பசங்க பக்கத்துல நின்னு பாக்கணுமில்ல கண்ணு, பெரிய ஆட்டம் எப்படி இருக்கும்னு," என்பார். மாஸ்டரும் இப்போதெல்லாம் தலையாட்டினார்.

நான்கு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. சேலத்துக்கு மாற்றல். பத்திரிகை கொடுக்கப் போன அன்று பாயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். முகம் சிவந்தது. "என்னை ஏமாத்தியிருக்கே அம்மிணி," என்றார். பிறகு கடையை விட்டு இறங்கிப் பக்கத்துக் கடைக்குப் போனார், அதற்கடுத்த கடைக்குப் போனார். "எங்க டீமைப் போட்டது யாரு தெரியுமா? இந்த அம்மிணி!" பஜார் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

அந்த மே மாதம்தான் நான் மலையில் பார்த்த கடைசிப் போட்டி. சேலத்து டீம் ஒன்று எங்களைத் தோற்கடிக்கப் பேர்போன ஆட்டக்காரர் ஒருத்தரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியது யாரென்று பார்த்தால் நம் தலைச்சோலைப் பையன். இருபத்தொரு வயது ஆள். மீசை வேறு. மைதானத்தில் கூட்டத்துக்கு யாருக்குக் கை தட்டுவது என்று தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் தட்டினார்கள்.

அவனுக்கு எதிரே நின்றது மாரமங்கலத்துப் பையன், பதினாறு வயது, தடுத்து ஆடுகிற பேக். பாயும் மாஸ்டரும் ஜீப்பில் போய்க் கண்டுபிடித்தவன். பெரியவன் இடப்பக்கம் போனால் இவனும் போனான். நின்றால் நின்றான். தலையைத் தூக்கிப் பார்க்கிற அந்த ஒரு நொடியில் சின்னவன் காலை நீட்டிப் பந்தைத் தட்டிவிடுவான். ஆட்டம் முழுக்க இதே கதை. ஒன்றுக்கு சைபர், நாங்கள் ஜெயித்தோம்.

விசில் அடித்ததும் பெரியவன் நேராகச் சின்னவனிடம் ஓடி, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான். சின்னவனுக்கு ஒன்றும் புரியவில்லை, கீழே விழுந்துவிடாமல் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டான். பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார், வாழ்த்துச் சொல்லத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன்.

"சாமி! கண்ணு! பெங்களூர்ல போயி இவனைப் பத்தி வாயே தொறந்துராதே!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.