புறங்கை வைத்துப் பார்ப்பவர்

வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பிளம்பர் தண்ணீரைத் தொடமாட்டார். காய்ச்சல் பார்ப்பதுபோல் சுவரில் புறங்கையை வைத்து அடி அடியாக நகர்வார். உள்ளே குழாய் ஓடும் வழி அவருக்கு எப்படித்தான் தெரியுமோ. "சூடு இப்பத்தான் கதவுகிட்ட வந்திருக்கு. அடுப்படிக்கு வர இன்னும் நேரமாகும்" என்பார்.

ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், பைப் வேலைக்கும் இஸ்திரி போட்ட சட்டை. சூடு வரும்வரை கொட்டும் பச்சைத் தண்ணீரைக் கீழே விட அவருக்கு மனசு வராது, பக்கெட் கேட்டு வாங்கிப் பிடித்து வைப்பார். எங்கள் வீட்டு ஹீட்டர் முன்பக்கக் குளியலறையில், சமையலறை கடைசியில். முக்கால் பக்கெட் நிறைந்தது.

"இந்தத் தண்ணி யாருக்குக்கா?" எந்த வீட்டிலும் அவருடைய முதல் கேள்வி இதுதானாம்.

"எனக்குத்தாண்ணே. காலைல விரல் மடங்கவே மாட்டேங்குது. கொஞ்ச நேரம் வெந்நீர்ல காட்டினாத்தான் கத்தியைப் பிடிக்க முடியுது" என்றாள் என் மனைவி.

பதினாறு வருடம் கூடவே இருக்கும் எனக்கு இது புதுச் செய்தி. சூடு வர நேரமாகிறதென்று அவள் சொல்லும்போதெல்லாம், தண்ணீர் வீணாகிறதே என்று புலம்புகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். வந்து அரைமணி நேரம் ஆகாத மனிதர் ஒரே கேள்வியில் அதை அவளிடமிருந்து வாங்கிவிட்டார். ஒளிப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது.

போன வருடம் அந்தக் குழாயை மாற்றச் சொன்னதே நான்தான். பருமனாகப் போட்டால் வேகமாக வரும் என்பது என் மேதாவித்தனம். முன்பைவிட இரண்டு மடங்கு தாமதமானது.

"பெரிய பைப்புன்னா உள்ள நிக்கிற பச்சத்தண்ணியும் அதிகம். அதெல்லாம் வெளிய போனப்புறம்தான சூடு வரும்" என்றார்.

"அப்புறம் ஏண்ணே இவ்வளவு பெருசா போட்டாங்க?" என்றாள் அவள்.

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "நல்லது நினைச்சு எல்லாரும் அப்படித்தான் போடுவாங்கக்கா."

காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இந்தப் பெருந்தன்மைதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு நாள் வேலை. ஹீட்டரிலிருந்து சமையலறைக்கு விரல் பருமனில் தனிக் குழாய், வளைக்காமல் நேராக, அதன்மேல் சூடு வெளியே போகாமல் இருக்க நுரை உறை. திறந்து பார்த்தபோது, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே எண்ணினேன். பதினொன்று எண்ணுவதற்குள் ஆவி பறந்தது.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் குரல் கொடுத்தாள். "அண்ணே, வந்துடுச்சா?"

அவரைத்தான் கேட்டாள், என்னையல்ல.

அவர் குழாயை மூடினார். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்துக் குழாயின் பிடிமேல் வைத்துவிட்டு, பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு செடிகளுக்கு ஊற்றப் பின்வாசல் வழியே போய்விட்டார்.